ஓராண்டில் குறுந்தொகை: நடுவில் விட்டுப்போனால் எப்படித் தொடர்வது?

கேள்வி: கோவில்பட்டி வாசகி

தை முதல் நாள் குறுந்தொகையைக் கையில் எடுத்தேன். நாளுக்கு ஒரு பாட்டு, அடுத்த பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட நியமம். மாசி வரை நன்றாகவே போனது. பங்குனியில் ஆண்டிறுதிக் கணக்கு வந்தது. நான் இருப்பதே கணக்குப் பிரிவில்தான். இரவு வீடு திரும்பினால் படுக்கத்தான் தெம்பு இருந்தது. பாட்டு நின்றுவிட்டது. இப்போது சித்திரை.

விட்டுப்போனதை நாளுக்கு நான்கைந்து பாட்டாகப் படித்து ஈடுகட்டலாமா? இது முதல் கேள்வி. இன்னொன்றுதான் மனதை உறுத்துகிறது. பிரிவுப் பாட்டுகள் அடுத்தடுத்து வரும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. தலைவன் போய்விட்டான், தலைவிக்கு வளை கழல்கிறது, தோழி தேற்றுகிறாள். இந்தப் பாட்டுகள் மேல் எனக்கு இருக்கும் ஆசை குறைந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன். முடித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பதில்: சேலம் வாசகர்

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கே கணக்குச் சொல்கிறேன். கடவுள் வாழ்த்தைத் தவிர்த்தால் 401 பாட்டுகள். ஆண்டுக்கு 365 நாள் என்றால் மீதம் 36. மாதத்துக்கு மூன்று பாட்டு கூடுதலாகப் படித்தால் சரியாகிவிடும். பெரும்பாலான பாட்டுகள் நான்கு முதல் எட்டு அடிதான். 307, 391 இரண்டு மட்டும் ஒன்பது அடி. அதனால் ஒரு மாதம் விட்டுப்போனதற்காகக் கலங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று சேர்த்துப் படித்தால் ஆடிக்குள் சமமாகிவிடும்.

பதில்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தென்காசி

அம்மா, நாளுக்கு ஐந்து பாட்டு என்று மட்டும் இறங்காதீர்கள். ஒன்றுபோலத் தோன்றுவதற்கு அதுவே பாதிக் காரணமாகிவிடும். அடுத்த பொங்கல் தாண்டி மாசியில் முடிந்தால் யாருக்கு என்ன நட்டம்?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் இரண்டு பாட்டுகளைக் காட்ட வேண்டும். 21, ஓதலாந்தையார் பாடியது. 66, கோவத்தனார் பாடியது. இரண்டிலும் கொன்றை பூத்திருக்கிறது. இரண்டிலும் கார்காலத்தில் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அவசரமாகப் படித்தால் ஒரே பாட்டு. யார் பேசுகிறார் என்று பாருங்கள். 66இல் பேசுவது தோழி. ‘இந்தக் கொன்றை அறிவில்லாதது, பருவம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது’ என்று மரத்தின் மேல் பழியைப் போடுகிறாள். கார் வந்துவிட்டது அவளுக்கும் தெரியும். தலைவி உடைந்துவிடக் கூடாதென்று சொல்லும் பொய் அது. 21இல் பேசுவது தலைவியே. இனி இவளை எப்படித் தேற்றுவது என்று தோழி உள்ளுக்குள் தவிக்கிறாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே தலைவி, ‘காடே கார் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்’ என்கிறாள். முன்னதில் தேற்றுபவளின் பரிவு, பின்னதில் காத்திருப்பவளின் பிடிவாதம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாடம் நடத்தும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஆகவே, பாட்டைத் தொடங்கும் முன் கூற்றையும் (பேசுபவர் யார்) துறையையும் (எந்தச் சூழலில் பேசுகிறார்) படியுங்கள். 167ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள் புதுமணப்பெண். கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அதை நேரில் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்பவள் செவிலித்தாய். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் எப்படி இருக்கிறாளோ என்று ஏங்கும் ஒருத்தியின் காதால் அந்தப் பாட்டைக் கேட்டால்தான் அது முழுப் பாட்டு.

உரைக்கு 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பைவிட்டு வேறெங்கும் போக வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் படிக்கலாம். முதல் வாசிப்பில் துறை, பதவுரை, கருத்து மூன்றும் போதும். பிற நூல்களின் ஒத்த வரிகளைக் காட்டும் ஒப்புமைப் பகுதிக்குள் நுழைந்தால் ஒரு பாட்டுக்கே ஓர் இரவு போய்விடும். அது அடுத்த சுற்றுக்கு இருக்கட்டும்.

பதில்: மதுரை முதுகலை மாணவி

ஐயா சொன்ன அத்தனைக்கும் உடன்படுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். ஐங்குறுநூறு திணைக்கு நூறாகப் பகுக்கப்பட்ட நூல். குறுந்தொகையில் அப்படி ஒழுங்கு இல்லை. இன்று கடற்கரை, நாளை மலை, மறுநாள் பாலை. உரைநூலில் உள்ள புலவர் அகராதியைப் பார்த்து, புலவர் புலவராக நான் படித்தேன். வெள்ளிவீதியாரின் 27ஐயும் 58ஐயும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள். 27இல் கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் சேராமல் நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்துகிறது. 58இல் வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை, கண் மட்டும்தான். முன்னதில் தலைவி, பின்னதில் தலைவன். ஒரே புலவர் பாலிலும் வெண்ணெயிலும் இருவர் வேதனையையும் வைத்திருக்கிறார். வரிசைப்படி போனால் இரண்டுக்கும் இடையே ஒரு மாதம் ஓடிவிடும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நாளுக்கு ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்டேன். வார நாள்களில் வரிசைப்படி, ஞாயிறு மட்டும் ஒரு புலவர். ஓரத்தில் பென்சிலால் ‘யார், யாரிடம்’ என்று எழுதத் தொடங்கினேன். எட்டாம் பாட்டில் பேசுவது பரத்தை. தலைவன் தன் வீட்டில் கண்ணாடிப் பாவைபோல மனைவி ஆட்டுவித்தபடி ஆடுகிறான் என்று ஏசுகிறாள். யாரிடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

தமிழாசிரியர்

துறையை இன்னொரு முறை பாருங்கள் அம்மா. தலைவி தன்னைப் புறம்பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பரத்தை பேசுகிறாள். ‘யார், யாரிடம்’ என்பதோடு ‘யார் கேட்க’ என்று மூன்றாவதாக ஓர் இடம் விட்டுக்கொள்ளுங்கள். மருதப் பாட்டுகளில் அது அடிக்கடி தேவைப்படும்.