கேமரா இல்லாமல் காட்டியது அனிமேஷனா? ரெய்னோ – கோல் தகராறு

பென்சில்சீவி:
பக்கத்துத் திரியில் பழையரீல் எழுதியது இது: "கையால் வரைந்த அனிமேஷன் 1908 ஆகஸ்ட் 17 அன்று பாரிஸில் எமில் கோலின் 'ஃபந்தஸ்மகோரி'யோடு பிறந்தது. அதற்கு முன் இருந்ததெல்லாம் பொம்மை விளையாட்டு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனித் திரி.

1892 அக்டோபர் 28. அதே பாரிஸ். கிரெவான் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் எமில் ரெய்னோ, காசு கொடுத்து வந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன்னால், தான் வரைந்த உருவங்களைத் திரையில் நடக்கவும் ஓடவும் வைத்தார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. அதாவது ரெய்னோ மூன்று வருடம் முந்தி. முதல் நாளே மூன்று படங்கள். அதில் பியெரோ என்ற கோமாளியின் கதையான 'போவ்ர் பியெரோ' மட்டும் 500 ஓவியங்கள். ஒவ்வொன்றும் ஜெலட்டின் சதுரத்தில் அவரே கையால் வண்ணம் தீட்டியது. கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, இதற்கென்றே எழுதிய பியானோ இசை உண்டு. இது பொம்மை விளையாட்டா?

பழையரீல்:
நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. ரெய்னோவிடம் கேமரா இருந்ததா? இல்லை. ஓவியத்தையே விளக்கின் முன்னால் ஓட்டிக் காட்டினார். கோல் 700 படங்கள் வரைந்தார், ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு ஃபிரேமாகக் கேமராவில் எடுத்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்ததை நெகட்டிவாகவே காட்டினார். அதனால்தான் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தது போலத் தெரிகிறது. கேமராவும் லேபும் இல்லாமல் அந்த வித்தை நடக்குமா? கேமரா இல்லை என்றால் படம் இல்லை. அவ்வளவுதான்.

கெர்டிதாசன்:
இரண்டு பேருமே பிரான்ஸை விட்டு வெளியே வர மாட்டீர்களா? 1906-இலேயே அமெரிக்காவில் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் முகங்களை வரைந்து, கண்ணை உருட்ட வைத்து, புகை விட வைத்துப் படம் எடுத்துவிட்டார். கேமராதான் அளவுகோல் என்றால் பழையரீல் சொன்ன 1908 அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பழையரீல்:
பிளாக்டன் பாதி இடத்தில் அட்டையை வெட்டி வைத்து நகர்த்தினார். நடுவில் அவர் கையே உள்ளே வந்து போகிறது. தொடக்கம் முதல் கடைசி வரை வரைந்த கோடுகளாலேயே நடந்தது கோலின் படம்தான்.

கெர்டிதாசன்:
கோலின் படத்திலும் தொடக்கத்தில் அவர் கை வருகிறதே? அதைப் பார்க்கவில்லையா? உங்களுக்குப் பிடித்தவர் கை வந்தால் கலை, அடுத்தவர் கை வந்தால் குறையா?

பென்சில்சீவி:
கெர்டிதாசன், பிளாக்டனுக்கு உரியதைக் கொடுப்போம், ஆனால் திரியைக் கடத்த வேண்டாம். பேச்சு கேமராவைப் பற்றி.

பழையரீல், நார்மன் மெக்லாரன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் உட்கார்ந்து ஃபிலிம் சுருளின் மேலேயே பேனாவாலும் தூரிகையாலும் வரைந்தவர். 1955-இல் வந்த 'பிளிங்கிட்டி பிளாங்க்' கறுப்பு ஃபிலிமைக் கீறிக் கீறியே செய்தது. கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை வாங்கியது. அவருக்கு முன்னால் 1935-இல் லென் லை இதே மாதிரி ஃபிலிம் மேலேயே வண்ணம் தீட்டி 'எ கலர் பாக்ஸ்' செய்தார். இவை எதிலும் ஓவியத்தைப் பிடிக்கக் கேமரா கிடையாது. அப்படியானால் இவையும் படம் இல்லையா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

பழையரீல்:
மெக்லாரன் வரைந்தது ஃபிலிம் சுருள். அதைப் பிரதி எடுத்து எந்த ஊர்த் தியேட்டரிலும் போடலாம். ரெய்னோவுடையது ஜெலட்டின் சதுரங்களைக் கோத்த ஒரே ஒரு பட்டை. அவர் இல்லாவிட்டால் காட்சியும் இல்லை. 500 ஓவியம் எப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியது என்று உங்கள் ரசிகர்களுக்குச் சொன்னீர்களா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் உருட்டி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் காட்டி இழுத்தார். அது மேடை நிகழ்ச்சி. படம் அல்ல. கேமரா இல்லாததன் விளைவுதான் இது.

சும்மாவந்தேன்:
முதலில் 'படம்' என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்குமே?

பென்சில்சீவி:
மேடை நிகழ்ச்சியாம்! 1914-இல் அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே, 'கெர்டி' என்ற டைனோசர் படத்தைக் காட்டியது எங்கே? மேடையில். கையில் சாட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கட்டளை போடுவார், டைனோசர் காலைத் தூக்கும், திட்டினால் அழும். மெக்கே இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் பாதி இல்லை. அப்போது 'கெர்டி'யும் படம் இல்லையா? அதை மட்டும் வரலாறு என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள்.

முன்னும் பின்னும் உருட்டியதைக் குறையாகச் சொல்கிறீர்கள். அது குறை அல்ல, கைவந்த கலை. எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறதோ அங்கே நிறுத்தலாம், அந்த அசைவைத் திரும்பக் காட்டலாம். தியேட்டரில் ஓடும் சுருள் யார் சிரித்தாலும் நிற்காது. இன்னொன்றும் கேளுங்கள். பியெரோவின் மேல் தடியடி விழும்போது சத்தம் கேட்பதற்காகப் பட்டையிலேயே உலோக நாக்குகளை வைத்து மின்காந்தத்தை இயக்கினார். படத்தோடு சத்தத்தைப் பொருத்துவதைப் பற்றி 1892-இல் யோசித்த மனிதரைப் பொம்மைக்காரர் என்கிறீர்கள்.

லைட்பாக்ஸ்:
நான் பென்சிலில் இன்பிட்வீன் (முக்கிய நிலைகளுக்கு நடுவில் வரும் படங்கள்) போட்டுச் சோறு தின்றவன், அதனால் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று. யார் முதல் என்பதைவிட, இன்று வரை நம் மேஜையில் இருப்பது யாருடையது என்று பாருங்கள். கோலுக்கு அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி இருந்தது, தாளை மேலே வைத்து முந்தைய படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். தாள் விலகாமல் இருக்க மெக்கே மூலைகளில் குறுக்குக் குறி போட்டார். ராவுல் பாரே துளை போட்ட தாளையும், அந்தத் துளையில் மாட்டித் தாளை நகராமல் பிடிக்கும் பெக் என்ற முளையையும் கொண்டுவந்தார். அந்தப் பெக் இல்லாமல் ஸ்டூடியோ என்ற ஒன்றே கிடையாது.

பென்சில்சீவி:
துளை என்றீர்களே, நன்றி. ரெய்னோவின் பட்டையில் ஓவியத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவில் துளை இருந்தது. 1888 டிசம்பர் 1 தேதியிட்ட காப்புரிமை. துளை போட்ட பட்டையைச் சக்கரத்தின் ஊசியில் மாட்டி, படம் இடம் தவறாமல் ஓடவைத்தார். கோல் அப்போது அனிமேஷன் பக்கமே வரவில்லை, பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தார்.

லைட்பாக்ஸ்:
நான் பேசியது வரையும்போது தாளைப் பொருத்தும் துளை. நீங்கள் சொல்வது ஓடும்போது பட்டையை இழுக்கும் துளை. இரண்டும் வேறு.

பென்சில்சீவி:
துளை துளைதான். படம் ஆடாமல் நிற்கவேண்டும் என்ற கவலை முதலில் யாருக்கு வந்தது என்பதே கேள்வி.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் பேசவில்லை. பின்னணி. ரெய்னோ பாத்திரங்களை மட்டும்தான் பட்டையில் வரைந்தார், சுற்றிலும் கறுப்பு. வீடும் மதிலும் தோட்டமும் இன்னொரு விளக்கிலிருந்து தனியாகத் திரையில் விழும், அசையாமல் நிற்கும். உருவம் வேறு, பின்னணி வேறு. மெக்கேயிடம் வாருங்கள். 'கெர்டி'க்கு ஏறக்குறைய 10,000 தாள்கள். பாத்திரம் அசைவதற்காக ஒவ்வொரு தாளிலும் மலையையும் ஏரியையும் பாறையையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற உதவியாளர் அரிசித் தாளில் அதே பாறையை அச்சுப் பிசகாமல் படி எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உற்றுப் பாருங்கள், பாறையின் கோடுகள் நடுங்கும். ஏர்ல் ஹர்ட் செல்லுலாய்ட் தாளில் பாத்திரத்தை வரைந்து ஒரே பின்னணியின் மேல் வைக்கும் முறைக்கு விண்ணப்பித்தது 1914 கடைசியில். ரெய்னோ 22 வருடம் முன்னால் திரையிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். கேமரா கேமரா என்று கத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கெர்டிதாசன்:
நடுங்கும் என்று குறை சொல்லாதீர்கள். அந்த நடுக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. கெர்டி தண்ணீர் குடிக்கும்போது கரையில் மண் சரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சு விடுவது வயிற்றில் தெரியும். உங்கள் பியெரோவுக்கு அந்த எடை உண்டா? முதலில் முக்கிய நிலைகளை வரைந்து, பிறகு நடுவில் ஒன்று, அதற்கும் நடுவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டே போகும் முறை மெக்கேயுடையது. இன்றும் அப்படித்தான் வரைகிறோம்.

அதையும் திருடினார்கள். ஜான் ராண்டால்ஃப் பிரே பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு மெக்கேயிடம் போனார். மெக்கே நல்ல மனதோடு எல்லாவற்றையும் விளக்கினார். பிரே அவற்றைத் தன் பெயரில் காப்புரிமை எடுத்துக்கொண்டு, பிறகு மெக்கே மீதே வழக்குப் போட்டார்.

பழையரீல்:
வழக்கில் மெக்கே ஜெயித்தார், பிரேயிடமிருந்து ராயல்டியும் வந்தது. அழுகாச்சிக் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பிரே செய்தது நியாயமென்று நான் சொல்லவில்லை, ஆனால் அவரும் ஹர்ட்டும் சேர்ந்து வைத்த காப்புரிமை நிறுவனம்தான் இந்தக் கலையை வாராவாரம் படம் கொடுக்கும் தொழிலாக்கியது.

கெர்டிதாசன்:
தொழிலாக்கினார்களா, வரி வசூலித்தார்களா? 1932-இல் காப்புரிமை காலாவதியாகும் வரை செல்லுலாய்ட் தாளில் வரைந்த ஸ்டூடியோக்கள் அவர்களுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. திருட்டுக்குத் துணைபோகிறீர்கள்.

பழையரீல்:
ரோட்டோஸ்கோப் திரியில் பாதியில் ஓடியவர் எனக்கு நியாயம் சொல்ல வேண்டாம். மேக்ஸ் ஃபிளெய்ஷர் தன் தம்பியைக் கோமாளி வேடத்தில் படமெடுத்து அதன் மேல் வரைந்ததை "ஏமாற்று வேலை" என்று எழுதியவர்தானே நீங்கள்? அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கெர்டிதாசன்:
ஓடவில்லை, வேலை இருந்தது. மேலே வைத்துப் படி எடுப்பது வரைவது ஆகாது, இப்போதும் அதையே சொல்கிறேன்.

லைட்பாக்ஸ்:
ஆரம்பித்துவிட்டீர்களா. ரோட்டோஸ்கோப் போட்டுப் பாருங்கள், அப்படியே படி எடுத்தால் உருவம் செத்துக் கிடக்கும். எதை விடுவது, எதை மிகைப்படுத்துவது என்று கைதான் தீர்மானிக்கிறது.

பழையரீல்:
பென்சில்சீவி மறைக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெய்னோவே கடைசியில் கேமராவை எடுத்தார். 1896-இல் 'வில்லியம் டெல்', அடுத்த வருடம் 'முதல் சுருட்டு'. இரண்டும் நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களைப் பட்டையில் ஒட்டி வண்ணம் தீட்டியவை. கேமரா வேண்டாம் என்றால் அவர் ஏன் அங்கே போனார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

பென்சில்சீவி:
ஏன் போனாரா? ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் வரைய வேண்டிய மனிதர், நிமிடத்தில் படமெடுக்கும் இயந்திரத்தோடு போட்டி போட முடியாமல் போனார். அது அவர் முன்பு செய்ததை எப்படி அழிக்கும்? 1892-இல் காட்டிய 'போவ்ர் பியெரோ' 1896-க்குப் பிறகு பொம்மையாக மாறிவிடுமா?

அவர் நிலைமையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கிரெவான் ஒப்பந்தத்தில் மாதம் 500 பிராங்க், வசூலில் 10 சதவீதம். கருவிப் பராமரிப்புச் செலவு அவர் தலையில், ஒவ்வொரு காட்சிக்கும் அவர் பொறுப்பு. 1900 வரை ஏறக்குறைய 12,800 காட்சிகள், 5 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரதி இல்லை என்று இளக்காரமாகச் சொன்னீர்கள். ஒரே பட்டையை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்குக் காட்டினார். பிறகு யாரும் சீந்தவில்லை. கருவியை உடைத்து, பட்டைகளில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்தார். 1918 ஜனவரியில் இறந்தார். மிஞ்சியது 'போவ்ர் பியெரோ'வும், 1894-இன் 636 ஓவியங்கள் கொண்ட, கடற்கரையில் உடை மாற்றும் குடிலைச் சுற்றி நடக்கும் படமும்தான். மற்றவற்றைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பழையரீல்:
வறுமையை வைத்து வரலாறு எழுதுவதென்றால் கோலும் வறுமையில்தான் இறந்தார், 1938 ஜனவரி 20. மறுநாள் தந்திரக் காட்சிப் படங்களின் முன்னோடி மெலியேஸ். அவர்களுக்காக யார் திரி தொடங்கினார்கள்? பரிதாபம் சாட்சி ஆகாது. கேமரா இல்லை என்பது அப்படியே நிற்கிறது.

கெர்டிதாசன்:
மெக்கே 1918-இல் 'லூசிடானியா மூழ்கியது' படத்துக்கு 25,000 ஓவியங்கள் வரைந்தார். அதைப் பற்றி யாராவது ஒரு வரி?

சும்மாவந்தேன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பென்சில்சீவி:
கெர்டிதாசன், அது தனித் திரிக்கு உரியது, தொடங்குங்கள், வருகிறேன். பழையரீல், மெக்லாரன் பற்றிய என் கேள்விக்குப் பிரதி என்று வழுக்கினீர்கள். மேடை பற்றிக் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பின்னணியைத் தொடவே இல்லை. பதிலுக்குப் பதில் 'கேமரா இல்லை' மட்டும்தான் வருகிறது. 1888 காப்புரிமையில் பட்டை எவ்வளவு நீளமும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. வட்டத்தட்டில் பத்துப் பன்னிரண்டு படம் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், முடிவில்லாத நீளத்துக்குக் கதை சொல்லலாம் என்று கண்டவர் அவர். அந்தப் பகுதியை முழுதாகத் தமிழில் எழுதி இங்கே போடுகிறேன். அதற்குள் "பொம்மை விளையாட்டு" என்ற வார்த்தையையாவது எடுங்கள்.

பழையரீல்:
எடுக்க மாட்டேன். காப்புரிமையைப் போடுங்கள், அதில் கேமரா எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்கிறேன்.