தருமபுரியிலிருந்து லே வரை: விமானம் இல்லாமல் இமயத்தைக் கடக்க எந்த வழி நல்லது?

தொப்பூர்ப் பயணி (தருமபுரி):

வணக்கம். என் அப்பா அரசுப் பேருந்தில் முப்பது ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. தொப்பூர் கணவாயை எண்ணற்ற முறை ஏறி இறங்கியவர், பனி மூடிய கணவாய் ஒன்றையும் பயணச்சீட்டு வாங்கி, மற்றவர்களோடு உட்கார்ந்து கடக்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார். விமானமும் தனி வாடகைக் காரும் வேண்டாம் என்பது அவருடைய உறுதி. ஜூன் முதல் வாரத்தில் லடாக்கின் லே நகருக்குச் சென்று சேர நினைக்கிறோம். டெல்லியிலிருந்து இமாச்சல் அரசுப் பேருந்தில் மணாலி வழியாகச் செல்வதா, ஸ்ரீநகர் வழியாகச் செல்வதா? அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மற்றபடி நலமாக இருக்கிறார்.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):

போகும்போது ஸ்ரீநகர் வழியையே தேர்ந்தெடுங்கள். காரணம் உயரம். மணாலிச் சாலை கேலாங் ஊரைத் தாண்டியதும் 4,800 மீட்டருக்கும் மேலான பாரலாச்சா லாவில் (லா என்றால் கணவாய்) ஏறி, பிறகு 5,300 மீட்டரைத் தொடும் தங்லங் லாவையும் கடந்துதான் லேயில் இறங்குகிறது. ஸ்ரீநகரோ சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜி லாவைக் கடந்தாலும், இரவு தங்கும் கார்கில் 2,700 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் உடல் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். மேலும், மணாலிச் சாலையில் பனியை அகற்றிப் பேருந்து விடும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஜூன் முதல் வாரத்தை அதை நம்பித் திட்டமிட முடியாது.

எங்கள் ஊருக்கு ரயில் நிலையமே இல்லாததால் நான் சேலம் வரை பேருந்தில் வந்து, கட்ராவுக்கு வாரம் ஒருமுறை செல்லும் ஹிம்சாகர் விரைவு ரயிலில் ஏறினேன். ஏறத்தாழ இரண்டரை நாள் பயணம். கட்ராவில் வண்டி மாறி, 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் ஸ்ரீநகர் சென்றேன். ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலம் கண்ணில் படுவது சில நொடிகள்தான். அதற்கு முன்னும் பின்னும் சுரங்கங்களே அதிகம். பீர் பஞ்சால் மலைத்தொடரை 11 கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால் சுரங்கத்துக்குள்ளேயே கடந்துவிடுவோம் என்பதால், அப்பா தேடும் கணவாய் அங்கே இல்லை. அது சோஜி லாவில்தான் இருக்கிறது.

ஸ்ரீநகரிலிருந்து கார்கிலுக்குப் பங்கு வாடகை சுமோக்கள் விடியற்காலையிலேயே புறப்படும். ஆள் நிறைந்ததும் எடுத்துவிடுவார்கள் என்பதால் முந்தைய மாலையே இடம் சொல்லி வைப்பது நல்லது. நான் சென்ற மே மாதக் கடைசியில், சாலையின் ஒருபுறம் இயந்திரம் அறுத்த பனிச்சுவர் வண்டியின் கூரையைவிட உயரமாக நின்றது. அது வெள்ளையாக இல்லை. அடியில் டீசல் புகை படிந்து கருத்து, உருகிய நீர் சக்கரத்தடங்களில் ஓடைபோல் வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் 4,100 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவில், கிருஷ்ணகிரியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் தலையணைபோல் உப்பிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் காற்றழுத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது.

திரும்பும்போது மண்சரிவால் சாலை ஒன்றரை நாள் அடைபட்டது. ஒரே ஒரு நாள் இடைவெளி விட்டு முன்பதிவு செய்திருந்த ரயில் போய்விட்டது. நீங்கள் மூன்று நாளாவது விடுங்கள். இன்னொன்று, நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பு அவசியம்.

வெள்ளைச்சீருடை (தருமபுரி):

நான் செவிலியர். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. கார்கிலிலிருந்து ஒரே நாளில் லேக்குச் சென்றால் அந்த ஏற்றம் 800 மீட்டராகிவிடுகிறது. சுமார் 3,100 மீட்டரில் இருக்கும் ஆல்ச்சியில் ஓர் இரவு தங்கினால் அது இரண்டாகப் பிரியும். ஆயிரம் ஆண்டு பழமையான சுவரோவியங்கள் உள்ள மடாலயத்தையும் அப்பா பார்க்கலாம். லேயில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் அதற்கு மேல் ஏறாமல் கீழே இறங்கிவிடுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து, இரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

தொப்பூர்ப் பயணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பயணத்தை நான்கு நாள் நீட்டி, ஆல்ச்சியையும் சேர்த்துவிட்டோம்; நாளை மருத்துவரைப் பார்க்கிறோம். கார்கிலில் லே செல்லும் வண்டியில் ஏறினால் ஆல்ச்சி வரை கொண்டுபோய் விடுவார்களா?

மாந்தோப்பு:

ஊருக்குள் விடமாட்டார்கள். சஸ்போல் ஊரைத் தாண்டியதும் சிந்து நதிப் பாலத்தருகே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. நடக்க வைக்காதீர்கள். தங்கும் வீட்டாரிடம் முன்பே சொன்னால் வண்டி அனுப்புவார்கள். சுமோவில் அப்பாவுக்கு ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.