ஹார்னி கவுன்ட்டி மாடு மேய்ப்பர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள ஹார்னி கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தொடக்கக் குடியேற்றம் பற்றித் தமிழில் கட்டுரை எழுதிவருகிறேன். ஓரிடத்தில் அப்படியே நிற்கிறது.

பையூட் பழங்குடியினரின் நிலமான பிளிட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு 1872-இல் கலிபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 1,200 மாடுகளோடு வந்து மாட்டுப் பண்ணை அமைத்தவர் பீட்டர் பிரெஞ்ச். மாடுகளை ஓட்டிவந்தவர்கள் வக்கேரோ எனப்படும் மெக்சிகோ மேய்ப்பர்கள். டயமண்ட் ஊர்ப்பக்கம் பிரெஞ்ச் கட்டிய வட்டக் கொட்டகை இன்றும் நிற்கிறது: சுமார் 100 அடி விட்டம், உள்ளே கல்சுவர் வளையம், ஜூனிப்பர் மரத் தூண்கள். குளிர்காலத்தில் குதிரைகளைப் பழக்கும் இடம் அது. பிரெஞ்ச் 1897-இல் சுட்டுக் கொல்லப்பட்டது வரை எல்லாம் விவரமாகக் கிடைக்கிறது. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெயர்தான் கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1880 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துவிட்டேன். ஹார்னி 1889-இல்தான் கிராண்ட் கவுன்ட்டியிலிருந்து பிரிந்தது என்பதால் கிராண்ட் பட்டியலில்தான் தேடினேன். ஸ்பானியப் பெயர்களின் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதால் யார் யாரென்று உறுதிப்படுத்த முடியவில்லை. 1890 கணக்கெடுப்போ 1921 தீ விபத்துக்குப் பின் பெரும்பாலும் இல்லாமல் போனது. கூட்டாட்சி அரசின் நிலப்பட்டா ஆவணங்களில் நிலம் வாங்கியவர்கள் மட்டும்தான். கூலிக்கு இருந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. பழைய செய்தித்தாள்களும் முதலாளிகளைப் பற்றியே பேசுகின்றன.

அமெரிக்க வம்சாவளி ஆவணங்களில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்: 1872 முதல் 1897 வரை அந்தப் பண்ணையில் சம்பளத்துக்கு இருந்த மேய்ப்பர்களின் பெயர்களை வேறு எந்த ஆவணத்தில் தேடலாம்?