ஜப்பான் மலை, ஏரிப் பக்கம் ஜோடியாகக் கார் ஓட்டியவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிஷத்தைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்

2024 நவம்பரில் நானும் மனைவியும் ஃபுஜி மலையடி ஐந்து ஏரிகளையும் நான்கு நாளில் காரில் சுற்றினோம். எந்த ஏரி எங்கே என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று நாளும் மலை தெரியவில்லை. கவாகுச்சியில் மேகம், யமனகாவில் மழை, சாய், ஷோஜி இரண்டிலும் மூடுபனி. கடைசி நாள் காலை ஆறரை மணிக்கு மோட்டோசு ஏரிக்கரை. தண்ணீர் அசையவே இல்லை. எதிரே 3,776 மீட்டர் மலை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

பக்கத்தில் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், எழுந்து வந்தார். பர்ஸிலிருந்து ஓர் ஆயிரம் யென் நோட்டை எடுத்தார். அந்த ஜூலையில் வந்த புது நோட்டு இல்லை, பழையது. அதன் பின்பக்கத்தில் இதே ஏரியும் மலையும்தான் இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து மேகத்துக்கு நேராக நீட்டினார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார், கொஞ்சம் தாழ்த்தினார். சரியாக வந்ததும் "கோக்கோ" என்றார். இங்கே.

மனைவி அவருக்குப் பின்னால் போய் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அவர் கை நடுங்கியது, வயசு அப்படி. ஆனாலும் அவள் பார்த்து முடிக்கும் வரை கையை இறக்கவில்லை.

அப்புறம் அவள் ஒரு புது நோட்டைக் கொடுத்து அந்தப் பழைய நோட்டை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஆள் இல்லாத பங்க், மெஷினில்தான் பணம் போட வேண்டும். கியர் பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்துச் செருகினேன். பாதி உள்ளே போனபோதுதான் அவள் பார்த்தாள். "ஐயோ" என்று ஒரு வார்த்தை. அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு ஆறவில்லை.

கரிசல்காட்டான்

நல்ல பகிர்வு. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். நோட்டில் இருக்கும் காட்சி ஏரிக்கரையில் நின்று பார்ப்பது இல்லை. மோட்டோசுவுக்கு மேலே நகனோகுரா கணவாய் என்று ஓர் இடம் இருக்கிறது. கரையிலிருந்து அரை மணி நேரம் காட்டு வழியில் ஏற வேண்டும். அங்கிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துத்தான் அந்தப் படத்தை வரைந்தார்கள். அதனால் கரையில் நின்று எப்படிப் பிடித்தாலும் முழுசாகப் பொருந்தாது.

இன்னொன்று. சாய், ஷோஜி, மோட்டோசு மூன்றையும் தனித்தனி ஏரி மாதிரி எழுதுகிறோம். 864-இல் ஃபுஜி வெடித்து வந்த எரிமலைக்குழம்பு ஒரு பெரிய ஏரிக்குள் இறங்கி அதைச் சாய், ஷோஜி என்று துண்டு போட்டது. இன்றைக்கும் மூன்றின் நீர்மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் குழம்பு இறுகிய பாறை மேல்தான் அவோகிகஹாரா காடு நிற்கிறது. சாய் ஏரியிலிருந்து மோட்டோசுவுக்குப் போகும்போது அந்தக் காட்டு வழியாகத்தான் ஓட்டியிருப்பீர்கள்.

நாங்கள் 2019-இல் கணவாய் ஏறினோம். மலை முழுசாகத் தெரிந்தது. ஆனால் எங்களுக்காகக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க ஒருவரும் வரவில்லை.

சைத்தாமாவாசி

கரிசல்காட்டான், பெரியவர் கை நடுங்க நின்றதைப் பற்றி வழிப்போக்கன் எழுதுகிறார், நீங்கள் கோணம் பார்க்கிறீர்கள். கடைசி வரியை மட்டும் எழுதியிருந்தாலே போதும்.

சரி, என்னுடையது. நிக்கோ ஊரில் இரோஹா மலைப்பாதை. கொரோனா சமயத்தில் என் கணவருடைய அப்பா மதுரையில் இறந்துபோனார். இவரால் போக முடியவில்லை. போனில்தான் எல்லாம் பார்த்தார். அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில், வீட்டுக்குள்ளேயே இருந்தால் நல்லதில்லை என்று நான்தான் வண்டியில் கிளப்பினேன். அக்டோபர் கடைசி சனிக்கிழமை அந்த மலையில் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். மேலே சூசென்ஜி ஏரி வரை வண்டிகள் முட்டி நின்றன.

அங்கே மொத்தம் 48 வளைவு. ஏறும் பாதையில் 20, இறங்கும் பாதையில் 28. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை, அதில் ஓர் எழுத்து. நமக்கு அரிச்சுவடி மாதிரி அவர்களுக்கு இரோஹா. ஒவ்வொரு எழுத்தும் ஒரே ஒரு முறை வரும்படி கட்டிய பழைய பாட்டு அது. நான் அப்போது எழுத்து படிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். வண்டி நகராத நேரத்தில் என்ன செய்வது, ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்தேன். இ. ரோ. ஹ. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் சில சமயம் பத்து நிமிஷம். இவர் பேசவே இல்லை.

"சி", "ரி", "நு", "ரு" வந்தது. அப்போது இவர், "இதுவரை நீ படித்ததைச் சேர்த்தால் என்ன அர்த்தம் தெரியுமா" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பூ எவ்வளவு மணந்தாலும் உதிர்ந்துவிடும்" என்றார். சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார். முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டது, எங்களுக்குப் பின்னால் மலை முழுக்க வண்டி. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. அவர் அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, கியர் போட்டார்.

கேகோன் அருவி 97 மீட்டர், ஏரி 1,269 மீட்டர் உயரத்தில், எல்லாம் பார்த்தோம். எனக்கு நினைவில் இருப்பது ஹாரன் கேட்காத அந்த மலைதான்.

நீலமலை

வழிப்போக்கன் பங்க் பற்றி எழுதியதால் என்னுடையது. சுவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பங்கில் பச்சைப் பிடியை எடுத்து டேங்கில் வைக்கப் போனேன். மனைவி காருக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஜப்பானில் சிவப்புதான் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரகம், பச்சை டீசல். டீசலுக்கு அவர்கள் "கேய்யு" என்கிறார்கள். வாடகைக்குக் கிடைக்கும் சின்ன வண்டிக்குப் பெயர் "கேய்". இந்த இரண்டு சொல்லும் ஒன்றுபோல் இருப்பதால் தப்பு நடக்கிறது.

முதல் முறை போகிறவர்களுக்காக இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஆர்.டி.ஓ. கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி. ஊர் லைசென்ஸையும் கூடவே வையுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் என்பதால் கை தடுமாறாது. மனம்தான் தடுமாறும், ஏனென்றால் ரயில்வே கேட் திறந்திருந்தாலும் வண்டியை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். தலைகீழ் முக்கோணச் சிவப்புப் பலகை கண்டாலும் அப்படித்தான். சக்கரம் நிற்க வேண்டும், மெதுவாக உருட்டிக்கொண்டு போவது கணக்கில் வராது. சுங்கச்சாவடியில் தானாகவே பணம் கழிக்கும் ஈ.டி.சி. கார்டு இல்லையென்றால் ஊதா நிறப் பலகை போட்ட வழியில் நுழையாதீர்கள். வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பெயர் அடிக்கத் தெரியாவிட்டால் போக வேண்டிய இடத்தின் போன் நம்பரை அடித்தால் போதும். கழிப்பறைக்கு மிச்சி-னோ-எக்கி என்ற சாலையோர ஓய்விடத்தைத் தேடுங்கள், கழிப்பறை 24 மணி நேரமும் திறந்திருக்கும், கடையில் அந்த ஊர்க் காய்கறியும் கிடைக்கும். கமிகோச்சி என்ற மலைப் பள்ளத்தாக்குக்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ விடமாட்டார்கள். மட்சுமோட்டோ பக்கமிருந்து வந்தால் சவாண்டோவிலும், தகயமா பக்கமிருந்து வந்தால் ஹிரயுவிலும் நிறுத்திவிட்டுப் பஸ் ஏற வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அந்த இடமே மூடியிருக்கும். டிசம்பருக்கு மேல் மலைக்குப் போவதானால் பனி டயர் போட்ட வண்டிதானா என்று வாங்கும்போதே பாருங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

தாமரைக்குளம்

நீலமலை சொன்னதில் பனி டயர் விஷயத்துக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் வழிப்போக்கனுக்கு யாரும் சொல்லாத ஒன்று: மலை தெரிய வேண்டுமென்றால் ஜனவரியில், விடியும் நேரத்தில் போங்கள். குளிர்காலத்துக் காற்றில்தான் ஃபுஜி அதிக நாள் தெரியும்.

நாங்கள் ஜனவரியில்தான் போனோம். நீலமலை பெட்ரோல் போட்ட அதே சுவாவில் விடியற்காலையில் ஏரிக்கரைக்கு நடந்தோம். குளிர் கடுமையாக இருந்தால் அந்த ஏரி முழுசாக உறைந்து, பனி வெடித்து ஒரு மேடாக எழும்பும். இந்தக் கரையில் இருக்கும் ஆண் தெய்வம் எதிர்க்கரையில் இருக்கும் மனைவியைப் பார்க்க நடந்துபோன தடம் அது என்பார்கள். அதற்குப் பெயர் ஓமிவதாரி. 1443-இலிருந்து அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 2018-இல் வந்தது. அதற்கப்புறம் குளிர் போதவில்லை.

கரையில் கோயில் பூசாரியும் ஊர்க்காரர்கள் சிலரும் நின்றார்கள். ஒருவர் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். அலை அடித்துக்கொண்டிருந்தது, ஒரு துண்டுப் பனிகூட இல்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் எதிர்க்கரையைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் காலையும் அதே ஆட்கள், அதே இடம்.

என் கணவர் கேட்டார், "அப்போ இத்தனை வருஷமா அந்த அம்மா காத்துக்கிட்டே இருக்காங்களா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வேலை துபாயில், நான் சென்னையில்.

குளத்துமீன்

கரிசல்காட்டான் சாய் ஏரியைப் பற்றி எழுதியதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்கே அகிதாவில் தஸவா என்று ஓர் ஏரி, 423 மீட்டர் ஆழம், ஜப்பானிலேயே ஆழமானது. குனிமாசு என்ற மீன் அங்கே மட்டும்தான் இருந்தது. 1940-இல் மின்சாரத்துக்காகப் பக்கத்து ஆற்றின் அமிலத் தண்ணீரை ஏரிக்குள் திருப்பினார்கள். மீன் அழிந்தது. 2010-இல் அதே மீனை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாய் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அழிவதற்கு முன்னால், 1935 வாக்கில், யாரோ முட்டைகளை அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள்.

நாங்கள் தஸவாவுக்கே வண்டி ஓட்டிப் போனோம். கரையில் ஒரு சின்னக் காட்சியகம். தொட்டிக்குள் குனிமாசு, கறுப்பாக, மெதுவாக. வெளியே வந்தால் ஏரி. அவ்வளவு நீலத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரில் இந்த மீனை இன்னும் விட முடியாது. மனைவி மறுபடி உள்ளே போய்த் தொட்டி முன்னால் நின்றாள். மூடும் நேரம் என்று சொல்லும் வரை வரவில்லை.

வழிப்போக்கன்

எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சைத்தாமாவாசி எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பழைய ஆயிரம் யென் நோட்டு இன்னும் புழக்கத்தில் இருக்கிறதே, வேறு ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அது அந்தப் பெரியவர் கையில் பிடித்த நோட்டு இல்லையே என்றாள்.

ஜனவரிக்கு டிக்கெட் பார்க்கிறோம். கரிசல்காட்டான், அந்தக் கணவாய் ஏறும் இடத்துக்குக் கீழே வண்டி நிறுத்த இடம் உண்டா? பனி இருந்தால் ஏற முடியுமா?

கரிசல்காட்டான்

ஏரிக்கரையில் பொதுக் கழிப்பறை பக்கத்திலேயே நிறுத்தலாம். நாங்கள் போனது மே மாதம், பனியைப் பற்றி உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னால் கரையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அவர் அங்கே வழக்கமாக உட்காருபவராக இருக்கலாம்.