ரம்புத்தான் விறகு: அழகாக அடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த். பின்வீட்டு ரம்புத்தான் மரத்தை வெட்டினார்கள். பொங்கலுக்கும் மீன் சுடவும் ஆகுமே என்று விறகை நாங்களே வாங்கிக்கொண்டோம். பிளந்தாகிவிட்டது. இப்போது பின்கட்டில் குவிந்து கிடக்கிறது.

சும்மா சுவரோரம் அடுக்க மனமில்லை. ஜெர்மனியில் வட்டமாக அடுக்கி, உச்சியில் பட்டை மேலே பார்க்கக் கூரை வேய்ந்த மாதிரி முடிப்பார்கள். 'ஹோல்ஸ் ஹவுசன்' என்று பெயர். மகனுக்கு அதுதான் வேண்டுமாம். மகளோ, வெட்டுமுகம் வெளியே தெரிய, கறுத்த துண்டையும் வெளுத்த துண்டையும் கலந்து கோலமாக அடுக்கலாம் என்கிறாள். என் ஓட்டு அவளுக்கு.

ஆனால் நம்மூர் ஈரத்துக்கு வட்டம் சரிப்படுமா? நடுவில் காற்றுப் போகாமல் பூஞ்சை பிடிக்காதா? அடியில் பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) போட்டு, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளித்தான் அடுக்கப்போகிறேன்; கரையான் வீட்டுக்குள் ஏறினால் கதை கந்தல். (பூரானும் உண்டு, கையுறை இல்லாமல் தொடுவதில்லை.) மேலே தகரம் மட்டும் போதுமா, சாரலுக்குப் பக்கமும் மறைக்க வேண்டுமா? அக்டோபர் மழை தெரியும்தானே. இடுப்பு உயரம் தாண்டினால் சரியாமலிருக்க, இரு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் போதுமா?

அடுக்கிய அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் படம் இருந்தால் போடுங்கள்.