நாகையில் இடிக்கப்பட்ட கோபுரம்: சூடாமணி விகாரமா, சீனர் கட்டியதா?

ஆனைமங்கலத்தான்:
நாகப்பட்டினத்துக்கு வடக்கே 1867 வரை நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தைச் சிலர் 'சீனக் கோபுரம்' என்றே எழுதிவருகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. கடல் கடந்த மலாய்ப் பகுதியிலுள்ள கடாரத்து மன்னன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுத்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் நிலக்கொடையாகக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு, நெதர்லாந்தின் லெய்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது, விகாரத்தின் உயரம் மேருவையே சிறிதாக்கியது என்கிறது. அந்த விகாரத்தில் மிஞ்சியதைத்தான் இடித்துவிட்டார்கள்.

நெய்தல்:
மேரு உவமையை வைத்து ஒரு கட்டடத்தை அடையாளம் காண முடியுமா அண்ணா? எந்தக் கோயிலைத்தான் மேரு என்று புலவர்கள் பாடவில்லை? 1846-ல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் நேரில் பார்த்து எழுதியதைப் படியுங்கள். சாந்தே இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், நிலைக்கு நிலை கொடுங்கை (வெளியே நீளும் விளிம்பு), ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு வாசல். உள்ளே அண்ணாந்து பார்த்தால் வானம். பிக்குகள் தங்கிப் படித்த பள்ளி இப்படியா இருக்கும்?

அப்புறம், 14-ஆம் நூற்றாண்டில் கடலோடிய சீனப் பயணி வாங் தாயுவான் 'மண் கோபுரம்' என்று ஒன்றைக் குறிக்கிறார். சமவெளியில் நிற்கும் செங்கல் கோபுரம்; 1267-ல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்தில் பொறித்திருந்ததாம்.

ஆனைமங்கலத்தான்:
அவர் சொல்லும் ஊர் நாகைதான் என்பது பெயரின் ஒலியை வைத்துச் செய்த ஊகம். அந்த எழுத்தை எலியட் பார்த்ததாக எங்கே எழுதியிருக்கிறார்?

காரோணம்:
நான் நாகைக்காரன். வாங் தாயுவானை ஒதுக்கிவிட்டாலும் கல்யாணிக் கல்வெட்டை என்ன செய்வீர்கள்? 15-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெகு மன்னன் தம்மசேதி வெட்டுவித்தது. கப்பல் உடைந்து கரையேறிய பர்மியப் பிக்குகள் நாகைக்கு வந்து, கடற்கரையில் சீன தேசத்து மகாராஜா அமைத்த குகையில் புத்தரை வணங்கினார்கள் என்கிறது. இது சீனர் சொன்னதில்லை, பர்மியர் சொன்னது. எங்கள் காயாரோகணர் கோயிலில், ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டிலேயே கடாரத்து அரையன் கொடுத்த 'சீனக்கனகம்' வருகிறது. சீனத்துப் பொன் புழங்கிய துறைமுகத்தில் சீனர் ஒரு கோபுரம் எழுப்பியதில் என்ன ஆச்சரியம்?

ஆனைமங்கலத்தான்:
கல்யாணிக் கல்வெட்டு குகை என்கிறது, கோபுரம் என்று சொல்லவில்லை. இருந்தாலும் அது வலுவான சான்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நாகை பௌத்தம் என்றால் சீனம்' என்று முடித்துவிடாதீர்கள். 1856-ல் அங்கே ஒரு இலுப்பை மரத்தை வெட்டியபோது கிடைக்கத் தொடங்கிய படிமங்கள் ஏறக்குறைய 350. அவற்றில் பலவற்றின் பீடங்களில் இருப்பது தமிழ் எழுத்து. ஒன்றில் 'அக்கசாலைப் பெரும்பள்ளி' என்றே இருக்கிறது; அக்கசாலை என்றால் பொற்கொல்லர் பட்டறை, பெரும்பள்ளி என்றால் பெரிய விகாரம். நம் ஊர்த் தட்டார் வார்த்த புத்தர்கள் அவை.

நெய்தல்:
அதை யார் மறுத்தார்கள்? குலோத்துங்க சோழனின் 1090-ஆம் ஆண்டுச் சிறிய லெய்டன் செப்பேடு ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டைச் சொல்கிறது. சோழர் ஆட்சி தேய்ந்த காலத்தில் சீன வணிகர்கள் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒன்றைக் கட்டியிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

ஆனைமங்கலத்தான்:
சரி, பக்கத்திலேயே என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வளாகத்தின் பெயர் சூடாமணி விகாரம்தான். அதை விட்டுத்தர மாட்டேன்.