மறு: கித்தார் 'பெண்ட்' – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

> வளைப்பு, கம்பி வளைப்பு, சுர வளைவு, இழுப்பு. இதில் ஒன்றை முடிவு செய்து கொடுத்தால் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) கித்தார் கலைஞர் பட்டி கை பற்றிய கட்டுரையை முடித்துவிடுவேன்.

நான்குமே வேண்டாம் என்பேன். (பெயரை 'கய்' என்று திருத்த வேண்டாம், 'கை' என்றே இருக்கட்டும். கித்தார்காரருக்குப் பொருந்துகிற பெயர்தான்.)

பெண்ட் என்பது இதுதான்: விரல் கம்பியை மெட்டோடு (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை) அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளுகிறது. கம்பி இறுகுகிறது, சுரம் ஏறுகிறது. விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. இதைப் போய் 'வளைப்பு' என்றால், கித்தார் தெரியாதவர் யாரோ கம்பியை மடக்குவதாகத்தான் நினைப்பார். 'இழுப்பு' என்றால் ஆஸ்துமா. வகுப்புகளில் 'பெண்ட் பண்ணு' என்கிறார்களே, அதையே எழுதலாமே என்றால், 'பெண்டு நிமிர்ந்துவிட்டது' என்று பேசுகிற ஊரில் அதுவும் சிரிப்புக்கு இடம்.

இந்த வேலைக்கு வீணைக்காரர்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஒதுக்கல். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில், கமகங்களை, அதாவது சுரத்தை அசைத்து அழகூட்டும் முறைகளை, விளக்கும் பகுதியில் வருகிறது. ஒரு சுரத்தின் மெட்டிலேயே விரலை நிறுத்தி, கம்பியை ஒதுக்கி, மேல் சுரத்தைப் பேசவைப்பது. நூல் தெலுங்கில் இருந்தாலும் சொல் நம்முடையது. ப்ளூஸ்காரர்கள் கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கிப் போவது வேறு. அதற்கு 'ஜாரு' பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுரையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கின்றன, பிரித்துவிடுங்கள்.

> இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு வரியில் கடந்துவிடலாமே.

வேறு யாரைப் பற்றிய கட்டுரை என்றாலும் சரி என்றிருப்பேன். ப்ளூஸில் காந்தாரம் ('க' சுரம்) ஓரிடத்தில் நிற்காது. அதன் கீழ்நிலையான சாதாரண காந்தாரத்துக்கும் மேல்நிலையான அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ அலையும். கித்தாரில் அந்த இடத்துக்கு மெட்டே கிடையாது. ஒதுக்கித்தான் போக வேண்டும். பட்டி கை அங்கேயும் நிற்க மாட்டார். போய்ச் சேர வேண்டிய சுரத்தையும் தாண்டித் தள்ளுவார், அப்படியே பிடித்து உலுக்குவார், பிறகு திடீரென்று ஒலியைக் கிசுகிசுப்புக்கு இறக்கிவிடுவார். இதை எடுத்துவிட்டால் அவருடைய வாசிப்பில் பாதி போய்விடும்.

கட்டுரையில் அவருடைய விருதுகளுக்கு மூன்று பத்தி, கைவித்தைக்கு ஒரு வரி. மாற்றிப் போடலாம் என்பது என் எண்ணம். 1936இல் லூசியானாவின் லெட்ஸ்வொர்த்தில், வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். சன்னல் கொசுவலையிலிருந்து கம்பி உருவிக் கட்டி வாசித்துப் பழகியவர். பேட்டன் ரூஜில் கித்தார் ஸ்லிம் என்ற கலைஞர், நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு வாசித்தபடியே கூட்டத்துக்குள் வருவதைப் பார்த்தார். அந்த ஆட்டம் இவரோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. 1957 செப்டம்பர் 25 அன்று சிகாகோ வந்தார். இவை போதும், பிறகு நேராக அவர் பதிவு செய்த செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்துவிடலாம்.

> ஃபீட்பேக்கைப் 'பின்னூட்டம்' என்று எழுதியிருக்கிறேன்.

'கையின் பின்னூட்டம் லெனர்ட் செஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை' என்று படித்ததும், செஸ் நிறுவன முதலாளியைப் பற்றி இவர் ஏதோ விமர்சனம் எழுதிப் போட்டதாக நினைத்துவிட்டேன்! இணையத்தில் அந்தச் சொல்லை வாசகர் கருத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி வாங்க முடியாது. ஒலிபெருக்கியின் சத்தம் கம்பியையே அதிரவைக்கிறது. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்அப் (அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) அதை வாங்கி மறுபடி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இப்படிச் சுற்றிச்சுற்றி ஓர் ஓலம் எழுகிறது. இப்போதைக்கு 'ஓலம்' என்று வைத்து, மின்னணுவியல் தெரிந்தவர்கள் தனி இழையில் பேசட்டும்.

விஷயம் என்னவென்றால், மேடையில் கூட்டத்தைக் கிறங்கடித்த அந்த ஓலமும் எல்லை தாண்டிய ஒதுக்கலும் செஸ் பதிவுக்கூடத்தில் வெறும் இரைச்சலாகப் பட்டன. நம் பாணியில் சொன்னால், அடக்கி வாசிக்கச் சொன்னார்கள். மட்டி வாட்டர்ஸ், ஹௌலிங் வுல்ஃப் ஆகிய ப்ளூஸ் பாடகர்களின் பதிவுகளுக்குப் பக்கத்துணை வாசித்தார். பகலில் பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி ஓட்டினார். அடங்கியும் வாசிக்கத் தெரியும் என்பதற்கு 1964இல் வந்த, இவரும் வாசித்த மட்டி வாட்டர்ஸின் மின்சாரமில்லாத கித்தார் தொகுப்பே சாட்சி. பிற்பாடு ராக் கித்தார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் இங்கிலாந்துப் பையன்களும் அதே சத்தத்தில் இசைத்தட்டு விற்கத் தொடங்கியதும், லெனர்ட் செஸ் இவரைக் கூப்பிட்டு, குனிந்து நின்று, தன் பின்பக்கத்தில் உதைக்கச் சொன்னாராம். கை பேட்டிகளில் சொல்லும் கதை இது.

அதற்குப் பிறகும் விடியவில்லை. 1980களில் பெரும்பகுதி அமெரிக்காவில் பதிவு ஒப்பந்தமே இல்லை. 1989இல் சிகாகோவில் லெஜண்ட்ஸ் என்ற சொந்த மன்றத்தைத் திறந்தார். 1991இல்தான் அவருடைய மேடை வாசிப்பை ஓரளவுக்கு அப்படியே பிடித்த தொகுப்பு வந்தது. முதல் கிராமியும் அதற்குத்தான். அப்போது வயது 55.

*

வணக்கம் ஐயா. நான் வீணை கற்றவள். இரண்டு தடை.

ஒன்று, 'ஒதுக்கல்' என்றால் பொதுவாசகருக்கு ஒதுக்கிவைப்பதுதான் நினைவுக்கு வரும். அதுவும் நிறப்பாகுபாடு இருந்த லூசியானாவில் வளர்ந்தவரைப் பற்றிய கட்டுரையில் 'அவருடைய ஒதுக்கல்' என்று வந்தால் பொருள் தலைகீழாகிவிடும். இரண்டு, எங்கள் ஒதுக்கலுக்கு ராகம் எல்லை போடும். இந்த ராகத்தில் இந்தச் சுரத்தை இவ்வளவுதான் ஒதுக்கலாம் என்று ஆசிரியர் விரலைத் தட்டுவார். எல்லை தாண்டுவதையே அழகாக்கியவருக்கு அதே சொல்லா?

*

அம்மா சொன்ன முதல் தடை சரிதான். 'கம்பி ஒதுக்கல்' என்று சேர்த்தே எழுதுவோம். வினையாக வரும்போது 'கம்பியை ஒதுக்கி வாசித்தார்' என்றால் குழப்பம் இல்லை. ஒரு சொல் நிற்குமா என்பது கிளைவிடும்போது தெரிந்துவிடும். அரைச்சுர ஒதுக்கல், முழுச்சுர ஒதுக்கல் சுலபமாக வருகின்றன. கம்பியை முதலில் தள்ளி வைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, இறக்கிவிடுவது 'முன்னொதுக்கல்'. 'வளைப்பு' வைத்து இவற்றைச் செய்து பார்த்தேன், 'முன்வளைப்பு' கோட்டை முற்றுகை போல இருக்கிறது.

இரண்டாவது தடையை ஏற்க மனமில்லை. சொல் குறிப்பது விரலின் செயலை. எவ்வளவு தள்ளலாம் என்பது அந்தந்த இசையின் கணக்கு. 'மீட்டு' என்ற வினையை இரண்டு கருவிக்கும் ஒன்றாகத்தானே புழங்குகிறோம்?

கட்டுரையாளருக்கு ஒரு வரைவு, வேண்டியபடி வெட்டிக்கொள்ளுங்கள்: "கம்பி ஒதுக்கலில் கை சுரத்தின் எல்லையைத் தாண்டிப் போவார். மேல் சுரத்தைத் தொட்ட பிறகும் விரலைத் தளர்த்தாமல், கம்பியை இன்னும் தள்ளி உலுக்குவார்."

அப்புறம், அவருடைய புள்ளிப் புள்ளியான கித்தாரை 'அம்மைப் புள்ளி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே எடுத்துவிடுங்கள்.